கைதட்டைத் திரும்பக் கேட்ட நாள்

கைதட்டல் கேட்டபோது நான் குசினிக்குள் நின்று ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சிசிலியில், பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் மாநாடு நடந்த ஒரு பழைய வில்லா அது. ஷிரோக்கோ வீசிய நாள். ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்று யன்னல் இடுக்குகளால் மணலைக் கொண்டுவந்து கொட்டும். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற எனக்குச் சேலை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

கேட்டது எங்கள் ஆட்களின் கைதட்டல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்வரிசையில் எங்கள் சங்கத் தலைவர் குணம் அண்ணை தொடங்கிவைப்பார். அவருக்கு அகலமான உள்ளங்கை. பிறகு ஆண்கள், பிறகு நடனத்துக்கு வெளிக்கிட்டு வந்த பிள்ளைகள், கடைசியில் தாய்மார். ஆரோ பேசி முடித்துவிட்டார்கள், இனிச் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று நினைத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் வீட்டு விருந்தாளி மலீனாவைத் தவிர. அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி, மேசையில் விரித்து வைத்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் தர்சிதான் அன்றைய மொழிபெயர்ப்பாளர். காதுக் கருவியைக் கழற்றிவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, எங்கட ஆக்கள் கைதட்டிப்போட்டினம்!"

"தட்டினா என்னடி? தட்டுறதுக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தது?"

"மம்மா மியா, விளங்காமக் கதைக்காதேங்கோ. தோத்தொரெஸ்ஸா மாநாட்டுக் கடிதத்தை வாசிச்சு முடிச்சவ. இவை தட்டினவை. அவ உடன மைக்கில, கரகோஷத்தால நிறைவேறிட்டுது எண்டு அறிவிச்சிட்டா. மலீனா இன்னும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அந்தக் கடிதம் போனா அவவுக்கு ஊருக்குத் திரும்பிப் போக முகம் இல்லை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஆள்

போன கிழமை போர்கோ வெக்கியோச் சந்தையில் முருங்கைக்காய்க்கு அலைந்த கதையை நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, "சறோ அக்கா, சாப்பாட்டை விட்டால் உங்களிடம் வேறு கதை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது தம்பி. இதுதான் அது. என்றாலும் நடுவில் சாப்பாடு வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோத்தொரெஸ்ஸா என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் ரொசாலியா பலெர்மோவில் எங்களைப் போன்ற வெளிநாட்டாருக்கு உதவும் ஒரு சிறு அமைப்பின் தலைவி. படித்தவர், இரக்கமுள்ளவர், எல்லாருக்கும் எது நல்லது என்று அவரே முடிவெடுத்துவிடுவார். கடலை நம்பி வாழும் சனங்களை ஒன்றுகூட்டி இரண்டு நாள் மாநாடு நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிசிலிய மீன்பிடிகாரர், துனீசியர், நாங்கள். எல்லாருக்கும் மேலே, வடக்குக் கோடியிலிருந்து மலீனா.

முடிவில் எல்லாரும் கையொப்பம் வைத்து ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவதாக ஏற்பாடு. பனி உருகி வடகடல் திறக்கிறது. பெரிய கப்பல்கள் அதற்குள்ளால் பாதை பிடிக்கப் பார்க்கின்றன. அதைப் பற்றிய கடிதம்.

விருந்தாளிகளை ஹோட்டலில் விடாமல் வீடுகளில் தங்கவைப்பதும் தோத்தொரெஸ்ஸாவின் யோசனைதான். எங்கள் பங்குக்கு மலீனா வந்தார். ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறிவந்த ஒரே விருந்தாளி அவர்தான்.

என் வயதுதான் இருக்கும். கட்டையான, உறுதியான உடம்பு. காதில் சீல் என்னும் கடல்நாயின் தோலில் செய்த சின்னத் தோடு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூட ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆகவே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"எஸ்கிமோ ஆக்களோ?" என்று என் கணவர் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அப்பா!" என்று தர்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

மலீனா கோபிக்கவில்லை. "அது மற்றவை வைச்ச பேர். நாங்கள் இனுயிட்," என்றார். தான் கிரீன்லாந்தில் ஒரு கரையோரச் சிற்றூர் என்றும், தன் சனம் நாலு நாட்டில் பிரிந்து கிடக்கிறது என்றும் சொன்னார். கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா, ரஷ்யாவின் ஒரு முனை. கோட்டைக் கீறியவர்கள் வேறு ஆட்கள். நாலு பக்கத்துச் சனமும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் இல்லை, கொம்பனி இல்லை, இலாபம் பார்க்கும் வேலை இல்லை. வடதுருவ நாடுகள் கூடிக் கதைக்கும் இடங்களில் அந்தச் சனத்துக்காகப் போய் இருப்பதுதான் வேலை.

"கதிரை தந்திருக்கினம். கதைக்கலாம். ஆனா வாக்கு இல்லை," என்றார்.

"கதிரையாவது இருக்குதே," என்றேன் நான். "உங்கட சனம் எத்தினை நாட்டில?" என்று திருப்பிக் கேட்டார். விரல் மடித்து எண்ணத் தொடங்கினேன். லண்டன், கனடா, நோர்வே, சுவிஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் விட்டுவிட்டேன்.

இனிச் சாப்பாடு. அன்று இரவுக்குப் புட்டு அவித்திருந்தேன். மலீனா பெட்டியைத் திறந்து ஒரு பொதியை எடுத்தார். விரல் நீளத்தில் காயவைத்த சின்ன மீன்கள், தலையோடு முழுசாக. ஐயோ, எங்கள் நெத்தலிக் கருவாட்டின் பெரிய அண்ணன்! கீழ்வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அந்த இத்தாலிய அம்மாவுக்கு, கருவாட்டு மணம் என்றால் ஆகாது. நான் வறுத்தால் தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். அன்று மலீனாவுக்காக அந்த இடியையும் வாங்கிக்கொண்டு வறுத்தேன். புட்டோடு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்று கவனித்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைப்போம். ஒருவர் வசனத்தை மற்றவர் முடிப்போம். மலீனா பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் ஓய்ந்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் வாய் திறந்தார்.

"ஏன் பொறுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒராள் கதைச்சு முடிச்ச உடன நாங்கள் தொடங்க மாட்டம். அந்த ஆளுக்குச் சொல்ல இன்னும் ஏதும் மிச்சம் இருக்கும். எப்பன் இடம் விடோணும்."

"எங்களிட்ட அப்பிடி இடம் விட்டா, பிறகு உங்களுக்கு இடமே இல்லை," என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த நாளே அது நடந்துவிட்டது. தோத்தொரெஸ்ஸா கடிதத்தை வாசித்து முடித்தார். மலீனா தன் வழக்கப்படி இடம் விட்டார். அந்த இடத்துக்குள் எங்கள் ஆட்கள் கையைத் தட்டிவிட்டார்கள்.

தட்டுகிற சனம்

நாங்கள் எதற்கும் தட்டுவோம். பொங்கல் விழாவுக்கு நகரசபையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, யாருக்கும் விளங்காத வேகத்தில் அரை மணித்தியாலம் பேசுவார், தட்டுவோம். மைக் நின்றுபோகும், தட்டுவோம். திரும்ப வேலை செய்யும், இன்னும் பலமாகத் தட்டுவோம். ஒருமுறை செத்தவீட்டு நினைவுக் கூட்டத்தில் மருமகன் பேசி முடித்ததும் தட்டிவிட்டார்கள். பாவம், அந்த மனிதன் கும்பிடுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றான்.

சம்மதத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருவர் எங்கள் முன்னால் நின்று களைத்துப் பேசியிருக்கிறார், சும்மா இருந்தால் மரியாதை இல்லை. அவ்வளவுதான். இத்தாலியில் கூட்டத்தார் சேர்ந்து தட்டினால் அது நிறைவேறின மாதிரி என்று குணம் அண்ணைக்கு எப்படித் தெரியும்? கடிதத்தின் இத்தாலியன் பாஷையும் அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

ஆனால் எனக்கு இதில் ஒரு பழைய புண் இருக்கிறது.

வன்னியில் போர் எல்லாம் முடிந்து, நாங்கள் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த காலம். ஒருநாள் எல்லாரையும் வெயிலில் கூட்டி நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மேடையேறி எங்களுக்கு விளங்காத மொழியில் நெடுநேரம் வாசித்தார். முடித்தார். முடிந்ததே என்ற நிம்மதியில் சனம் தட்டியது. சில நாள் கழித்து ரேடியோவில் சொன்னார்கள், இங்குள்ள மக்கள் தங்களுக்குச் செய்யப்பட்டதில் திருப்தி தெரிவித்துவிட்டார்கள் என்று.

தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி அதைக் கேட்டோம். எனக்கு முன்னால் நின்ற பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆர் தெரிவிச்சது?" என்று கேட்டாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இந்த வயதிலும் ஆறவில்லை.

அந்த ஒரு வரி

கடிதத்தில் மலீனா கேட்டது எல்லாம் இருந்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் கடலுக்குள்ளால் கப்பல் பாதை போடக்கூடாது என்பதும் இருந்தது. ஆனால் தோத்தொரெஸ்ஸா தன் பாட்டில் இன்னொரு வரியையும் சேர்த்திருந்தார். வடகடலில் சீல் வேட்டை முற்றாக நிறுத்தப்பட வேண்டும் என்று. அவருக்கு மிருகங்கள் என்றால் உயிர். வீட்டில் நொண்டிப் பூனைகளாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அது எனக்குத் தெரியும்.

பகேரியாவிலிருந்து ரயிலில் திரும்பும்போது மலீனா யன்னல் பக்கம் இருந்து கடலைப் பார்த்தபடி வந்தார். நான் கேட்காமலே தொடங்கினார்.

"என்ர அப்பா வேட்டைக்காரன். இறைச்சி எங்களுக்கு, கொழுப்பு நாயளுக்கு, தோல் விக்கிறதுக்கு. நான் சின்னனா இருக்கேக்க இஞ்சத்தைச் சனம் சீல் குட்டியளின்ர படத்தைப் பாத்து அழுதிச்சினம். பிறகு தோல் வாங்கிறதை நிப்பாட்டிச்சினம். எங்களுக்கு விலக்கு இருக்கெண்டு தாளில எழுதியிருக்கு. வாங்க ஆள் இல்லாட்டி விலக்கு என்னத்துக்கு? அப்பா தோலை மடிச்சு மடிச்சு வீட்டுக்குப் பின்னால அடுக்கினார். பேந்து ஒருநாள் படகை வித்துப்போட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்."

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது.

"என்ர அமைப்பின்ர பேர் அந்த வரிக்குக் கீழ வந்தா, என்ர அப்பாவை நானே நிப்பாட்டின மாதிரி. பேரை எடுத்தா, எங்கட கடலைப் பற்றின கடிதத்தில எங்கட ஆக்களே இல்லை. ரெண்டும் ஏலாது எனக்கு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "கடிதம் நாளைக்குத்தானே போகுது. இண்டைக்கு இன்னும் முடியேல்லை," என்றேன்.

குணம் அண்ணை

அன்று பின்னேரமே குணம் அண்ணை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கு முந்தி வந்தவர். பொலித்தேயாமா பக்கம் ஒரு கட்டடத்துக்குக் காவலாளி. யாருக்கு வீடு தேட வேண்டும், யாருக்கு வேலை தேட வேண்டும் என்றாலும் முதலில் ஓடுகிறவர். சண்டை மட்டும் அவருக்கு ஒத்துவராது.

தர்சி மாநாட்டு விதியை விசாரித்து வந்திருந்தாள். நிறைவேறிய விஷயத்தைத் திரும்பத் திறக்க வேண்டுமானால், அதை ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் கேட்கலாம். மலீனா ஏற்கவே இல்லை, ஆகவே அவரால் கேட்க முடியாது. தட்டியவர்கள் நாங்கள். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் குணம் அண்ணை. "ஒரு வரிதானே."

"உங்கட பேரைப் போட்டு நீங்கள் சொல்லாததை ஆரும் எழுதினா, ஒரு வரி எண்டு விடுவியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா யோசிச்சுப் பார். எங்கட ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது ஆற்றை மண்டபத்தில? தோத்தொரெஸ்ஸாவின்ர. வாடகை எண்டு ஒருநாள் வாய் திறந்து கேட்டிருப்பாவே? வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகேக்க குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில எங்கட சனத்தோட வந்து நிக்கிறது ஆர்? எல்லாருக்கும் முன்னால அவவை முறிச்சுக்கொண்டு, பிள்ளையளை எங்க கொண்டுபோய் இருத்தப்போறாய்?"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தர்சி மலீனாவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். மலீனா முழுவதையும் கேட்டார். வழக்கம்போல் இடம் விட்டார். பிறகு, "உங்கட பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தை வைச்சு எனக்கு உதவி வேண்டாம். நான் தனியப் போய்க் கதைச்சுப் பாக்கிறன்," என்றார்.

அதோடு எனக்கு முடிவாகிவிட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

"அண்ணை, நாளைக்கு நான் கேப்பன்."

"சங்கத் தலைவர் நான்."

"செயலாளர் நான்."

"சறோ, விசர்வேலை பாக்காதை."

"விசரெண்டே வையுங்கோ. எங்கட கையைப் பிடிச்சு ஒருக்கா ஆரோ எழுதினதைப் பாத்தனான். எங்கட கையால இன்னொரு சனத்துக்கு அதைச் செய்ய விடமாட்டன்."

குணம் அண்ணை செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் கால் வைக்கும் சத்தம் கீழ்வரை கேட்டது.

என் இத்தாலியன்

என் இத்தாலியன் வயதான சிஞ்ஞோராக்களைப் பராமரிக்கப் போன வீடுகளில் கற்ற இத்தாலியன். மருந்துகளின் பெயரும் சட்டிபானைகளின் பெயரும் அதில் தாராளம். தீர்மானம், திருத்தம் என்ற சொற்களுக்கு எங்கே போவது? தர்சி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். வாசித்தால் என் கோபம் வாசிப்பிலேயே போய்விடும்.

மறுநாள் காலை மண்டபத்தில் எழுந்து நின்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தோத்தொரெஸ்ஸா, நேற்று நாங்கள் தட்டினது மரியாதைக்கு. நீங்கள் களைச்சு வாசிச்சியள், அதுக்குத் தட்டினது. சம்மதத்துக்கு இல்லை. எங்கட கைதட்டைத் திரும்பத் தாங்கோ."

மண்டபம் சிரித்தது. தோத்தொரெஸ்ஸாவும் சிரித்தார். "கைதட்டை எப்படியம்மா திரும்பத் தருவது, சறோ?"

"கடிதத்தைத் திரும்பத் திறந்தாக் காணும். அந்தச் சீல் வரியைப் பற்றி அந்தக் கடலில வாழுற சனத்தை நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை."

அவருடைய சிரிப்பு நின்றது. முன்வரிசையைப் பார்த்தார். "சிஞ்ஞோர் குணம், இது உங்கள் சங்கத்தின் முடிவா?"

குணம் அண்ணை மெல்ல எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "அவதான் எங்கட செயலாளர்," என்று சொல்லிவிட்டு இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மனிதனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

"சரி. திறப்போம்," என்றார் தோத்தொரெஸ்ஸா. "கையை உயர்த்துங்கள். எண்ணி முடிப்போம்."

அப்போதுதான் மலீனா எழுந்தார். முதல் தடவையாக மண்டபம் முழுக்க அவருக்காக அமைதியானது.

"எங்கட அமைப்பில கை எண்ணுறேல்லை. எண்ணினா, தோத்தவை வீட்டை போய்க் கோவத்தோட இருப்பினம். நெடுங் குளிர்காலத்தில பக்கத்து வீட்டோட கோவிச்சுக்கொண்டு இருக்கேலாது. ஆளுக்கு ஆள் வேணும். அதால எல்லாருக்கும் ஏலுமெண்டு வருமட்டும் இருப்பம். நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

வெந்துபோன பாஸ்தா

காலை போனது. சிசிலியில் மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் என்னவென்று அங்கே வாழ்ந்தவருக்குத் தெரியும். வானம் இடிந்தாலும் பாஸ்தா நேரத்துக்கு மேசைக்கு வர வேண்டும். சமையல்காரன் கதவால் எட்டிப் பார்த்து, தண்ணீர் கொதிக்கிறது என்றான். பிறகு போட்டுவிட்டேன் என்றான். பிறகு வந்து, வெந்துவிட்டது என்று அழாக்குறையாகச் சொன்னான்.

"சாப்பிட்டுவிட்டுத் தொடர்வோமே," என்றார் தோத்தொரெஸ்ஸா.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்," என்றார் மலீனா.

நான் குசினிக்குப் போக வேண்டியவள். போகவில்லை. மலீனாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். எழும்பிய சிலர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தார்கள். போர்த்திச்செல்லோ மீன்பிடிகாரர் ஒருவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "என் வலைக்கண்ணையும் எங்கோ தூரத்தில் இருக்கிறவர்கள்தான் அளக்கிறார்கள். ஒருநாள் பட்டினி கிடந்தால் சாகமாட்டேன்," என்றார்.

தோத்தொரெஸ்ஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னால் முடியாது," என்றார். "அந்தக் குட்டிகளின் படம் என் கண்ணை விட்டுப் போகாது. கொல்வதற்கு என் பெயரைத் தர மாட்டேன்."

தர்சி மொழிபெயர்த்தாள். மலீனா நெடுநேரம் பேசவில்லை. அன்று ஒருவரும் அந்த இடைவெளிக்குள் புகவில்லை.

"கொல்லுறதுக்கு உங்கட பேரை நான் கேக்கேல்லை. நிப்பாட்டுறதுக்கு என்ர பேரை எடுக்காதேங்கோ எண்டுதான் கேக்கிறன். அந்த வரியை விடுங்கோ. நீங்கள் சீலை நேசியுங்கோ. நாங்களும் நேசிக்கிறம், வேற மாதிரி. அதில எங்கட உடுப்பும் சாப்பாடும் இருக்கு. எங்களைக் கேளாமல் ஒண்டும் செய்யாதேங்கோ, அவ்வளவுதான்."

தோத்தொரெஸ்ஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தை எடுத்தார். ஒவ்வொருவராகக் கேட்டார், அன்றுதான் முதல் தடவையாக. துனீசியரைக் கேட்டார். மீன்பிடிகாரரைக் கேட்டார். குணம் அண்ணையைக் கேட்டார். "ஏலும்," என்றார் குணம் அண்ணை. கடைசியில் தன்னையே கேட்பதுபோல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, அந்த வரியை வெட்டினார். அதற்குப் பதிலாக, வடகடலிலும் அதன் உயிர்களிலும் கைவைக்கும் எந்த முடிவும் அங்கு வாழ்பவர்களைக் கேட்டே எடுக்கப்பட வேண்டும் என்று எழுதினார். மலீனா தன் அமைப்பின் பெயரைப் போட்டுக் கையொப்பம் வைத்தார்.

களிபோல வெந்த பாஸ்தாவை எல்லாரும் நின்றபடி சாப்பிட்டோம்.

நடையில் தோத்தொரெஸ்ஸா என்னை நிறுத்தினார். "நீ எனக்கு எதிராக எழும்புவாய் என்று நான் நினைக்கவில்லை, சறோ. இத்தனை வருஷத்தில் உங்களில் ஒருவர்கூட என்னிடம் இல்லை என்று சொன்னதில்லை."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, தோத்தொரெஸ்ஸா," என்றேன்.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு

மலீனா போகும்போது மிச்சமிருந்த மீன் பொதியை என்னிடம் விட்டுப்போனார். கதவடியில் என் நெற்றியோடு தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். இருவரும் அழுதோம், வெட்கப்படாமல்.

இரண்டு நாளில் தோத்தொரெஸ்ஸாவின் அமைப்பிலிருந்து தகவல் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் மண்டபத்தின் தரையைத் திருத்தப் போகிறார்களாம். எப்போது முடியும் என்று சொல்ல முடியாதாம். மரியாதையான தகவல், குறை சொல்ல ஒரு சொல்லும் இல்லை. சங்கத்துத் தாய்மார் சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். "உன்ர வாயால பிள்ளையளின்ர தமிழ் போச்சு," என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு வலித்தது. ஆனால் எழுந்து நின்றதற்காக ஒரு நிமிஷம்கூட வருந்தவில்லை, இன்றுவரைக்கும்.

எல்லாருக்கும் ஃபோன் எடுத்தேன். "ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கு. எங்கட வீட்டில. ஒரேத்தோ, மூண்டாம் மாடி. பிள்ளையளை அனுப்புங்கோ."

அனுப்புவார்களோ என்று பயம்தான். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தினோம். சோபாவை வெளிப்படிக்கட்டுக்குத் தள்ளினோம். முதலில் ஒரு பிள்ளை வந்தது. பிறகு இரண்டு. பிறகு படிக்கட்டு முழுக்கச் சப்பாத்துச் சத்தம். என்னோடு கதைக்காத தாய்கூடப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். குசினியிலும் பல்கனியிலும் பிள்ளைகளை இருத்தினேன்.

அப்போது கீழே ஏதோ இடிபடும் சத்தம். மாடிக்கு மாடி நின்று நின்று வந்தது. கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

குணம் அண்ணை. சங்கத்துக் காசில் வாங்கிய எங்கள் கரும்பலகையை முதுகில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து, தலையில் சோக்குத் தூள்.

"பஸ்காரன் ஏத்தமாட்டன் எண்டுட்டான்," என்றார், மூச்சு வாங்கியபடி. "போர்கோ வெக்கியோ மண்டபத்தில இருந்து நடந்து வாறன். எங்கை கொழுவுறது, சொல்லு."

என் கணவர் போய், சுவரிலிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றினார்.